வேற ஆளுக்குக் கொடுத்துக்குங்க

அவரைத் தெருவில் படியிறங்கி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற மனிதர். யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மைத்துனனின் வேனில் ஏறிப் போய் நிற்பார். பீரோவைத் திறந்து பார்ப்பார், மூடிப் பார்ப்பார், முதுகுப் பலகையை விரலால் தட்டுவார், செத்த வீட்டுக்கு வந்தவர்போல ஒரு பெருமூச்சு விடுவார். வீட்டுக்காரர் ஒரு விலை சொன்னால் இவர் அதில் பாதியைச் சொல்வார். அவர் முகம் சுளித்ததும், "பரவால்லைங்க, வேற ஆளுக்குக் கொடுத்துக்குங்க" என்று வாசலைப் பார்த்து நடப்பார். முதல் படியில் கால் வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். சில வீடுகளில் கடைசிப் படிவரை இறங்க வேண்டியிருக்கும். வேன் உறுமத் தொடங்கிய பிறகு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டியவர்களும் உண்டு. கூப்பிடாமல் விட்டவர்கள் ஒருத்தர்கூட இல்லை என்பார். வேன்காரனான அந்த மைத்துனனைக் கேட்டால் வேறு கதை வரும். ஆனால் அவனுக்குச் சோறு அத்தான் வீட்டில் என்பதால் அவன் வாயைத் திறப்பதில்லை.

வாங்கி வந்த சாமான் நேரே கடையின் பின்பக்கம் போகும். அங்கே அவர் மனைவியின் ராஜ்யம். தெருவுக்கு அவள் பாலிஷ் அக்கா. உப்புத்தாளால் பழைய மெருகைத் தேய்த்து எடுப்பது, கீறலுக்கு மெழுகு வைப்பது, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் தொட்டு ஒரே போக்கில் இழுப்பது எல்லாம் அவள் கை. விரல் நுனிகள் எந்தச் சோப்புக்கும் போகாத செம்பழுப்பு. புருஷன் பாதி விலைக்குக் கொண்டுவந்து போடுகிற கட்டையை, பார்த்தவர்கள் கேட்ட விலை கொடுக்கிற பண்டமாக மாற்றுவது தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது அவருக்கு நினைவுபடுத்தவும் செய்வாள்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. ஈரக் காற்றில் பாலிஷ் காயாது. காய்ந்தாலும் பால் தெளித்ததுபோல் வெளுத்துப்போகும். பின்பக்கத்தில் ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை பாதி பாலிஷோடு நாள்கணக்கில் கிடந்தது. வேலை நின்ற கை சும்மா இருக்கும்போதுதான் வாய் அதிகம் பேசும். மகளின் கல்லூரிப் பேச்சு அந்த வீட்டில் அவ்வளவு நீண்டதற்கு மழையும் ஒரு காரணம்.

ஒரே மகள். கடையில் வந்து விழுகிற அலமாரிகளோடு வருகிற பழைய புத்தகங்களை எல்லாம் படித்து வளர்ந்தவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தானாகவே தேடிப்பிடித்து, தங்கிப் படிக்கிற கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டாள். இரண்டு இடத்தில் கிடைத்தது. ஒன்று மலைமேல், இன்னொன்று ஒரு ஏரிக்கரையில். வீட்டில் அவற்றின் பெயரே மலை, ஏரி என்றாகிவிட்டது.

"எல்லாம் சரி பாப்பா, அங்க என்னதான் படிப்பீங்க? டாக்டருக்கா, இஞ்சினியருக்கா?" என்றான் வேன்காரன். மதியச் சாப்பாட்டு நேரம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேரும் விற்காத மேஜை ஒன்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டும் இல்ல மாமா. சரித்திரம், கணக்கு, இலக்கியம், செடிகொடி எல்லாத்தையும் மொதல்ல தொட்டுப் பாக்கலாம். அப்புறமா ஒண்ணைப் புடிச்சுக்கலாம். லிபரல் ஆர்ட்ஸுன்னு சொல்லுவாங்க."

"அப்படிச் சொல்லு. நம்ம கடை மாதிரி. கட்டிலும் உண்டு, ஒடைஞ்ச கடியாரமும் உண்டு."

"உன்னை மாதிரி ஆளு உள்ள வந்து எதையும் வாங்காமலும் போவலாம்" என்றாள் பாலிஷ் அக்கா.

படியிறங்கி சிரிக்கவில்லை. அவருக்கு இது வியாபாரப் பேச்சு. "நூறு பேரு வந்து நின்னா எத்தனை பேரை உள்ள விடறாங்க?"

"மலையில எட்டுப் பேருப்பா. ஏரியில அறுவதுக்கு மேல."

"அப்புறம் என்ன யோசனை!" என்று வேன்காரன் சோற்றுக் கையைத் தூக்கினான். "நூத்துல எட்டு! அந்த எட்டுல நம்ம பொண்ணு! அறுவது பேரை உள்ள விடறது காலேஜா, பஸ் ஸ்டாண்டா?"

"மாமா, அது வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்கங்கற கணக்கு. உள்ள என்ன சொல்லித்தராங்கங்கறது வேற. மலைக்காரங்க எல்லாரையும் எழுதச் சொல்லிக் கூப்புடுவாங்க. எத்தனை பேர் எழுதுறாங்களோ அத்தனை பேரைத் தள்ளலாம். தள்ளத் தள்ளப் பேரு ஏறும்."

படியிறங்கிக்கு இது உடனே பிடிபட்டது. முகம் மலர்ந்தது. "கூட்டம் சேக்குறான்! ஏன் மாப்ளே, கடைக்கு ஆளு வரும்போது உன்னை அந்தக் கட்டில்கிட்ட நிக்க வெச்சு, எனக்கு வேணும் எனக்கு வேணும்னு சொல்லச் சொல்றேனே, அதேதான்."

"அதுக்கு எனக்கு டீ மட்டும்தான் வாங்கித் தர்றீங்க அத்தான்."

"சரி, விலையைச் சொல்லு" என்றார் மகளிடம்.

"போர்டுல போட்டிருக்கற கட்டணம் ரெண்டு எடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மலையில போட்டது போட்டதுதான், நமக்குக் கொறைக்கல. வருஷாவருஷம் அதைக் கட்டணும்னா கடையை வித்தாத்தான் உண்டு. ஏரியில எனக்கு முக்கால்வாசி தள்ளிட்டாங்க. உதவித்தொகை. மீதிக் கால் பங்கும் சாப்பாடும்தான் நம்ம பொறுப்பு."

"கேக்காமலேயா தள்ளினாங்க?"

"கேக்காமலே. மார்க்கையும் நான் எழுதின கட்டுரையையும் பாத்துட்டு. எனக்கு ஏரிதான்பா புடிச்சிருக்கு. ஒரு வகுப்புல பதினஞ்சு பேருதான். போன மாசம் ஒரு டீச்சர் கூப்பிட்டுப் பேசினாங்களே, என் கட்டுரையில ஒரு வரியைச் சொல்லி, இது ஏன் இப்படி எழுதினேன்னு சண்டை புடிச்சாங்க. அவங்ககிட்டப் படிக்கணும்."

கேக்காமலே முக்கால் பங்கு என்று படியிறங்கி தனக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தேக்கு என்று தெரியாமல் தேக்கு விற்கிறவனைப் பார்த்தால் வருகிற வெளிச்சம். பாலிஷ் அக்காவுக்கு அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும். கால் பங்கு எங்கிருந்து வரும் என்று அவள் மனசும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மேஜை காயவில்லை, மழை விடவில்லை.

"கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள், அவர் தட்டில் பருப்பை ஊற்றிக்கொண்டே. "வாயா வலிக்கப் போவுது?"

"கேக்கலாம்மா. நெறைய பேரு கேக்கறாங்களாம்" என்றாள் மகள். "தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"அப்போ நீ சரின்னு சொல்லிடாதே. சரின்னு ஒரு வார்த்தை வந்துட்டா அப்புறம் வெலை பேச முடியாது. பேச்சை என்கிட்ட விட்டுரு."

"கடைசித் தேதிக்குள்ள சொல்லிடணும்பா."

"அதுக்குள்ள அவங்களே கூப்புடுவாங்க பாரு."

கூப்பிடவும் செய்தார்கள். அதுதான் வினை. கூப்பிடாமல் இருந்திருந்தால் மகளே ஏரிக்குச் சரி சொல்லிவிட்டு, இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

அன்று மகள் நூலகத்துக்குப் போயிருந்தாள். வீட்டுப் பெரியவர் எண் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தது கடை எண்ணைத்தான். பாலிஷ் அக்கா பின்பக்கம் மேஜையின் வெளுத்த இடத்தைத் துணிப்பந்தால் தடவிக்கொண்டிருந்தாள். முன்பக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஆமாங்கம்மா, அப்பாதான் பேசறேன்... ரொம்ப சந்தோசம். ரொம்ப சந்தோசம். ஆனா பாருங்க, எங்களுக்கு மலையிலயும் கெடைச்சிருக்கு. நூத்துக்கு எட்டுப் பேருதான் எடுப்பாங்களாமே... அதைச் சொல்லல. நீங்க அறுவது பேரை எடுக்கறீங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல... முக்கால் பங்கு தெரியுங்கம்மா. முழுசும்னா இப்பவே சரின்னுடுவோம்... முடியாதா? கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்... அப்படிங்களா."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"பரவால்லைங்கம்மா" என்றார் படியிறங்கி, அதே பழைய நிதானத்தில். "வேற ஆளுக்குக் கொடுத்துக்குங்க."

பாலிஷ் அக்கா கை நிற்கவில்லை. அந்த வாக்கியத்தை அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறாள். அது காதில் விழுந்தால் சாமான் பாதி வழியில் இருக்கிறது என்று அர்த்தம். சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு.

"என்னாச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"புடி கொடுக்கல. நல்ல மாதிரி பேசறாங்க. ரெண்டு நாள் போவட்டும்."

கடைசித் தேதி அன்று மகள் அவரைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முழுசும் கிடைக்காவிட்டால் போகிறது, முக்கால் போதும் என்று நூலகத்துக் கம்ப்யூட்டரில் சரி சொல்லப் போனாள். திரும்பி வந்தபோது குடை கையில் இருந்தும் நனைந்திருந்தாள்.

"அப்பா, நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஏன், என்ன?"

"உங்கள் முடிவை மதிக்கிறோம், மேற்படிப்புக்கு வாழ்த்துகள்னு போட்டிருக்காங்க. எடம் வேணாம்னு நாம சொல்லிட்டோமாம். சரின்னு அழுத்தறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லப்பா."

படியிறங்கி சிரிக்கப் பார்த்தார். "அது சும்மா சொல்றது. நாமளும் சும்மாதானே சொன்னோம்."

"என்ன சொன்னீங்க?"

அவர் பக்கத்திலிருந்த பீரோவைத் திறந்து மூடினார். பின்பக்கக் கதவில் நின்றிருந்த பாலிஷ் அக்காவுக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் விளங்கியது. அருகிலிருந்த கட்டிலில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு வீட்டில் அவள் குரல்தான். சோறு போடும்போது திட்டினாள், போட்ட சோற்றை அவர் தின்னாதபோது அதற்கும் திட்டினாள். "ஊரான் வீட்டுப் பீரோவா அது? பெத்த பொண்ணோட படிப்பு! அதுக்கும் படியிறங்கணுமா? உங்க சாமர்த்தியத்தைக் காட்ட வேற எடமே கெடைக்கலையா?" வேன்காரன் வாய் திறந்தான். இத்தனை வருஷத்தில் கூப்பிடாமல் விட்ட வீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினான். படியிறங்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கீல் கழன்ற ஒரு பீரோக் கதவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கும் எதிர்ப்பேச்சு பேசாத அவரை அவள் பார்த்ததே இல்லை. அது அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

மகள் திட்டவில்லை. அடுத்த நாள் காலை முகம் கழுவி, தலைவாரி, கடை மேஜைமேல் போனை வைத்து ஏரிக் கல்லூரியைக் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பேசியது அன்று அப்பாவோடு பேசிய அதே அம்மாள்தான். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"உங்க எடத்தை மறுபடி தந்துடலாம்மா, அதுல பிரச்சினை இல்ல. உதவித்தொகைதான்... அதுக்கு ஒரு வரிசை காத்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கே அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டோம். அவங்க சேந்தாச்சு."

"அது இல்லாம எங்களால முடியாது மேடம். அப்பா நெஜமா வேணாம்னு சொல்லல. அது ஒரு பேச்சு."

"நான் ரெண்டு தடவை கேட்டேன்மா. வேற ஆளுக்குக் கொடுத்துடலாமான்னு கேட்டேன். கொடுத்துக்குங்கன்னு தெளிவா சொன்னாரு."

படியிறங்கி தரையைப் பார்த்தார்.

"சரி, இருங்க" என்றாள் அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்து. "ஒரே ஒரு வழி இருக்கு. படிக்கப்போறது நீங்க. உங்களுக்குத் தெரியாம வீட்டுல வேற யாராவது பேசி வேணாம்னு சொல்லியிருந்தா, அது உங்க முடிவு இல்லன்னு நான் மேல எழுதலாம். அவசரத்துக்குன்னு ஒரு தொகை தனியா வெச்சிருக்கோம். அதுல இருந்து கொடுக்க வாய்ப்பிருக்கு. அதுக்கு உங்களைத்தான் கேக்கணும். அப்பா எங்ககிட்ட தொகை பத்திப் பேசப்போறாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

படியிறங்கி சட்டென்று எழுந்தார். இன்றும் மடியில் வைத்திருந்த அந்தக் கதவு கீழே விழுந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா! நான்தான் அவளைக் கேக்காம வாயை விட்டுட்டேன். படிக்காதவன். எனக்கு இதெல்லாம் புரியாது."

யாரும் தன்னை ஏமாற்றியதில்லை என்பதையே சொத்தாக வைத்திருந்த மனிதர் அப்படிச் சொன்னதைப் பாலிஷ் அக்கா அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

"ஐயா, நீங்க கொஞ்சம் இருங்க. அவங்க சொல்லட்டும்."

தெரியாதுன்னு சொல்லுடி, என்று பாலிஷ் அக்கா வாய்க்குள் முணுமுணுத்தாள். ஒரே வார்த்தை. வேன்காரன் வெளிப்படையாகவே கையை ஆட்டி, தலையை ஆட்டி, இல்லை இல்லை என்று ஜாடை காட்டினான். மகள் யாரையும் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மேடம்" என்றாள். "நாங்க எல்லாரும் உக்காந்து பேசித்தான் அப்பாவைக் கேக்கச் சொன்னோம். கேளுங்கன்னு நானும்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றும், அடுத்த வருஷம் மறுபடி எழுதும்படியும், இதே தொகை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் அந்த அம்மாள் சொன்னாள். மகளும் நன்றி சொன்னாள். போன் அணைந்தது.

வேன்காரன்தான் முதலில் வெடித்தான். "பைத்தியமா பாப்பா உனக்கு? தெரியாதுன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"அப்பாவைத் திருட்டுத்தனம் பண்ணின ஆளாக்கிட்டு, அந்த எடத்துல போய் நான் எப்படி மாமா உக்காருவேன்? அவர் என்னைப் பாக்க அங்க வரும்போதெல்லாம், பொண்ணுக்குத் தெரியாம எடத்தைத் தூக்கிக் கொடுத்தவர்னு பாப்பாங்க." அதுவரை நன்றாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "அந்த டீச்சர்கிட்டப் படிக்கப் போற எடத்துல நான் மொதல்ல சொல்றதே பொய்யா இருக்கணுமா?"

அவள் மாடிக்குப் போய்விட்டாள். அழுகிற சத்தம் கடைவரை கேட்டது. அம்மாக்காரி இரண்டு முறை மாடிப்படிவரை போய்த் திரும்பினாள்.

எல்லாரும் உக்காந்து பேசித்தான் என்ற அந்தப் பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தட்டில் பருப்பு ஊற்றியது நினைவுக்கு வந்தது. கேட்டுத்தான் பாருங்களேன் என்று முதலில் சொன்ன வாய் தன் வாய். போனில் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, உள்ளே சிரித்தபடி மேஜை தேய்த்ததும் தான்தான். நேற்றிலிருந்து திட்டித் தீர்த்தபோது இது ஒருமுறைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வராமல் இருக்கட்டும் என்றுதான் அத்தனை சத்தம் போட்டோமோ என்று அவளுக்கே இப்போது சந்தேகமாக இருந்தது.

மாலையில் பின்பக்கம் போனாள். படியிறங்கி அந்தச் சாப்பாட்டு மேஜையின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

"ஏங்க."

"ம்."

"கேக்கச் சொன்னது நான்தானே."

அவர் மேஜையின் வெளுத்த இடத்தை விரலால் தேய்த்தார்.

"இத்தனை பேச்சுப் பேசினேனே. நீதானேடி கேக்கச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்கெல்லாம் என்கூட மல்லுக்கு நிப்பீங்க. இதுக்கு ஏன் வாயைத் தொறக்கல?"

"சொல்லி?" என்றார் படியிறங்கி. "ராத்திரிக்கு உனக்கும் தூக்கம் போவணுமா? ஒருத்தருக்குப் போனது போதாதா?"

அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடையை வித்துடலாமா, மலைக்கே அனுப்பிடலாமா என்று கேட்டாள். மதியமே மாடிக்குப் போய் மகளைக் கேட்டுவிட்டதாகவும், கடையை விற்றால் தான் எங்குமே படிக்கப் போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அடுத்த வருஷம் மறுபடி எழுதுவாளாம். அதுவரை கடையில் இருப்பாளாம்.

"இந்தக் கடையில!" என்றார். "அவளுக்கு எது வேணாம்னு இத்தனை நாள் ஓடினேனோ, அதுலயே கொண்டுவந்து உக்கார வெச்சுட்டேன் பாரு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுகையால் சட்டைப் பையிலிருந்து கடைப் போனை எடுத்துப் பார்த்தார். திரை நனையாமல் இருக்க அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்லாதே" என்றார் தாழ்ந்த குரலில். "எனக்குப் புரியுது. அது கடை இல்ல, அவங்க அப்படி இல்ல, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நல்லாப் புரியுது. ஆனா இப்பவும் அவங்க கூப்புடுவாங்கன்னுதான் உள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு. அதை நிறுத்தத் தெரியல எனக்கு."

போதுங்க, விடுங்க என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து மழைச் சத்தத்துக்கு நடுவே அவளும் அந்தப் போனுக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.